பஞ்சு மேல் நடந்த மாப்பிள்ளை

என் தங்கச்சி வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக்குக் கெண்டைக்கால் சதை துடித்தால், தங்கச்சி சௌந்திரம் உலையில் இரண்டு கை அரிசி கூடப் போட்டுவிடுவாள். கால் துடித்தால் பயணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதாம். துடிக்கிறவர் பயணம் போகாவிட்டால், பயணத்தில் இருக்கிறவன் வந்து சேருவானாம். அந்த வீட்டுக்கு அப்படி வந்து சேருகிற ஆள் நான் ஒருத்தன்தான். பெயர் காளியப்பன், சங்ககிரியில் லாரி ஓட்டுகிறேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் காட்டூரில் வண்டியை ஓரங்கட்டித் தங்கச்சி கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். அடிக்கடி போகிறவன் வருவதற்கு ஒரு சாஸ்திரம் வேண்டுமா? நான் வராத நாளிலும் அந்தக் கால் துடித்திருக்கும். அன்றைக்கு மிஞ்சிய சோறு எருமைக்குப் போயிருக்கும்.

மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால், மெதுவான ஆள் என்றுதான் சொல்ல வேண்டும். சோம்பேறி இல்லை. நிலக்கடலை, பருத்தி, கொஞ்சம் மரவள்ளி என்று காட்டை நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆனால் மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலில் காலை விட்டு நின்றார் என்றால் உலகம் மறந்துபோகும். தண்ணீர் ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்குத் திரும்புவதை, முன்னே பின்னே பார்த்திராதவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். உச்சி வெயிலில் தூரத்துச் சங்ககிரி மலைக்கோட்டை கானலில் மிதக்கும். மோட்டார் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். நான் வரப்பில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டபிறகுதான் திரும்பி, "அட, மச்சானுங்களா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தே பழகினவன் நான். ஆனாலும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எனக்கும் கண் சொக்கும். அந்த மனுசனிடம் அப்படி ஒரு காற்று இருந்தது.

அவருக்கு இரண்டே இரண்டு ஆசைகள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. மற்றொன்று எருமைத் தயிர். சௌந்திரம் உறை ஊற்றிய தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதை வட்டிலில் போட்டு, மேலே கொஞ்சம் சோற்றை வைத்துக்கொள்வார். சோற்றுக்குத் தயிரா, தயிருக்குச் சோறா என்று நான் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. மச்சான் கிண்டல் பண்ணாவிட்டால் வேறு யார் பண்ணுவது?

எழுபத்து நாலாம் வருசம் அவர்களுடைய ஒரே பிள்ளை வசந்தாமணிக்கு அம்மை போட்டது. அப்போது அவளுக்கு இரண்டு வயசு. நான் பம்பாய் லோடு போய்த் திரும்பி வருகிறேன், வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. உள்ளே வேப்பிலைப் படுக்கையில் பிள்ளை கிடக்கிறாள். கண் திறக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, முனகல்கூட இல்லை. சௌந்திரம் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஈரத் துணியோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் உரக்கப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"பிள்ளையக் குடுத்துரு தாயே. இனி என்ற ஆயுசுக்கும் கவுச்சி தொடமாட்டேன். பாலு, தயிரு, மோரு, நெய்யி ஒண்ணும் தொடமாட்டேன். வருசா வருசம் உன்ற குண்டத்து நெருப்புல எறங்கறேன்."

மூன்றாம் நாள் வசந்தாமணி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். என் கண்ணால் பார்த்தேன், அதனால் அந்த வேண்டுதலை நான் எப்போதும் கேலி பண்ணினதில்லை.

அவரும் வாக்குத் தவறவில்லை. கறிச்சோறு போட்ட கல்யாண வீட்டில் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்து வருவார். களிக்குக் கீரை, கம்மஞ்சோற்றுக்குப் புளித்தண்ணீர், காலையில் வரக்காப்பி. எருமை கறக்கிற பாலில் பிள்ளைக்கு எடுத்தது போக மீதி பால் சொசைட்டிக்குப் போய்விடும். பிள்ளை தயிர் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பார். அவள் வழித்து நக்கினால் அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அவ்வளவுதான் அவர் தயிரோடு வைத்துக்கொண்ட உறவு.

கால் சமாச்சாரம் ஆரம்பித்தது அதற்கு வெகுநாள் கழித்து. முதலில் எறும்பு ஊருகிறது என்றார். பாயை உதறினார்கள், எறும்பு இல்லை. பிறகு விரல் நுனியில் சுருக் சுருக்கென்று குத்தியது. பிறகு கெண்டைக்காலில் துடிப்பு. வேட்டியைத் தூக்கி என்னிடம் காட்டினார். தோலுக்கு அடியில் ஏதோ மீன்குஞ்சு ஓடுகிற மாதிரி சதை தானாகத் துள்ளியது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது என்றார். இந்த மனுசனை என்ன செய்வது?

அப்புறம் கால் மரத்துக்கொண்டே வந்தது. வாய்க்காலில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு மற்றதோடு வீடு வந்து சேருவார். எந்தக் காலில் செருப்பு இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்வார், ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுவார். நடக்கும்போது பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"பஞ்சு மேல நடக்கறாட்ட இருக்குதுங்க மச்சான். பூமி எங்கியோ கீழ இருக்குது" என்றார் ஒருநாள். கானலில் மிதக்கிற கோட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன விதத்தில், அப்படி நடப்பதில் ஏதோ சுகம் இருக்கிறது போல எனக்குத் தோன்றியது.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வாயு என்று ஒருத்தர் பூண்டு கொடுத்தார். பருத்திக்கு மருந்து அடித்த வினை என்றார்கள். அவர் அந்தத் தெளிப்பானைத் தோளில் போட்டே வருசமாகிறது, வேலையாள் வைத்துத்தான் அடிக்கிறார். முதுகில் நரம்பு பிசகியிருக்கும் என்று நீவி விட்டார்கள். காலில் உணர்ச்சி இல்லை என்றால் பெருவியாதியாக, அதுதான் குஷ்டமாக இருக்குமோ என்று கிணற்றடியில் குசுகுசுவென்று ஒரு பேச்சு கிளம்பி, சௌந்திரம் கொஞ்ச நாள் தண்ணீருக்கே போகவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை தண்ணி போட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்த்தேன். புளித்தண்ணீர் வாசம்தான் வந்தது.

எண்பத்து மூன்றாம் வருசப் பங்குனியில் குண்டம். காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, கையில் வேப்பிலையோடு வரிசையில் நின்றார் மாப்பிள்ளை. பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. குண்டத்துக்கு மேலே காற்று நெளிந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஜனங்களின் முகமெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி ஆடியது. முன்னால் போனவர்கள் எல்லாம் நாலே எட்டில் ஓடிக் கடந்தார்கள். இவர் இறங்கினார். நடந்தார். நடுவில் நின்றார். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், நெருப்பின் நடுவில் நின்று கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். பறை நின்றுபோனது. யாரோ ஒரு பெண் அம்மா என்று வீறிட்டாள். அவர் மெல்ல அடியெடுத்து வைத்து அக்கரை ஏறியதும் கூட்டம் அவர் காலில் விழுந்தது. அம்மனே அவரைத் தாங்கிக்கொண்டாள் என்றார்கள். எனக்கும் உடம்பு புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்து சௌந்திரம் அவருடைய காலைக் கழுவினாள். கழுவிக்கொண்டிருந்தவள் கை நின்றுபோனது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், ஒன்று பிய்ந்து தொங்குகிறது. விரல் இடுக்கில் ஒரு கங்குத் துண்டு கருகி ஒட்டியிருக்கிறது. அவள் அதை நகத்தால் எடுக்கிறாள், தோலும் கூட வருகிறது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து, என்ன பார்க்கிறாய் என்று சிரித்த முகமாகக் கேட்டார்.  அம்மன் தாங்கினாளோ இல்லையோ, அந்தக் காலில் மனுசன் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புண் ஆறியதும் வம்படியாக லாரியில் ஏற்றிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். வயசான மனுசர், பொறுமைசாலி. கால் இப்படிப் போவதற்குப் பல காரணம் உண்டு என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிறுநீரை நீலத் தண்ணீரில் ஊற்றிக் காய்ச்சினார். நீலம் மாறவில்லை, சர்க்கரை வியாதி இல்லை என்றார். குடி உண்டா, பூச்சிமருந்து அடிப்பீர்களா என்று கேட்டார். காலை நீட்டித் தூக்கிப் பார்த்து, முதுகில் நரம்பு அழுந்தவில்லை என்றார். தோலைத் தடவிப் பார்த்துப் பெருவியாதி இல்லை என்று சொன்னபோது எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மாப்பிள்ளை மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார், நான்தான் பிடித்தேன். நாக்கை நீட்டச் சொன்னார். மழமழவென்று சிவந்திருந்தது. கடைசியாக, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளை சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நரம்புக்கு வேண்டிய ஒரு சத்து கறி, முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறதாம், செடி கொடியில் இல்லையாம். உடம்பு அதை ஈரலில் சேர்த்து வைத்து வருசக்கணக்காகச் செலவழிக்குமாம். அதனால்தான் இத்தனை காலம் ஒன்றும் தெரியவில்லையாம். இப்போது இருப்பு தீர்ந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு, பாலும் தயிருமாவது சாப்பிட்டால் கால் திரும்பும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் நடக்கவே முடியாது, அதற்குப்பிறகு எது சாப்பிட்டும் பிரயோசனம் இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஊசிக்கு உட்கார வைத்தார்கள். மருந்து செக்கச் சிவப்பாக இருந்தது. இது என்ன என்று மாப்பிள்ளை கேட்க, ஊசி போட வந்த அம்மாள் வெள்ளந்தியாக, ஈரல் சத்து ஊசி என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மனுசன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். கறியில் எடுக்காத ஊசியும் இருக்கிறது என்று டாக்டர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து சொன்னார். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது. இவர் காதில் ஏறவில்லை. ஊர் வரும்வரை நான் கத்திக்கொண்டே வண்டி ஓட்டினேன், அவர் ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சௌந்திரம் அழுது, நான் திட்டி, கடைசியில் வேண்டுதலை விட்டுவிடலாமா என்று அம்மனிடம் பூப்போட்டுக் கேட்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் பெரிய முடிவெல்லாம் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி. சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வேண்டுதல் அவருடையது என்பதால் பொட்டலத்தை அவரேதான் கட்டினார். எடுக்கிற குழந்தை வசந்தாமணி. அவளுக்கு அப்போது வயசு பதினொன்று. எதற்காகக் கேட்கிறோம் என்று அவளுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, பிரித்தாள். சிவப்பு.

மாப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு அமைதியாக வெளியே போனார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. மிச்சம் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேப்பமரத்தடியில் நின்றிருந்த அவரிடம் போய், பூவை அவர் கையில் திணித்து, அம்மனையே ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெள்ளை வந்துட்டா நான் என்னங்க மச்சான் பண்ணுவேன்? தயிரத் தின்னுட்டு, தினம் இந்தப் புள்ளை மூச்சு உடுதான்னு பாத்துட்டு உக்காந்திருக்கோணும். காலுதானுங்க, போனாப் போவுது. அவளை வெச்சு என்னால பூப்போட முடியாதுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.  திரும்பினால் வசந்தாமணி நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பா கையில் இருந்த பூவை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவளுக்கு வைத்த தயிரை அவள் தொடவில்லை. அப்பா எனக்காகத்தானே விட்டார், அவர் சாப்பிடுகிறவரைக்கும் எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை முதலில் சிரித்தார். மறுநாள் கெஞ்சினார். அதற்கடுத்த நாள் அதட்டிப் பார்த்தார், அவருக்கு அதட்டத் தெரியாது. பிள்ளை அவருடைய புளித்தண்ணீரையே ஊற்றிக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றாள். உறை ஊற்றிய தயிர் சட்டியோடு எருமைத் தொட்டிக்குப் போனது. பிடிவாதத்தில் அவள் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே காற்று ஆடவில்லை. மாப்பிள்ளை அரைக்கண் மூடி, கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி எழுந்திருக்கப் போனாள். எழுந்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

"கால் மதமதங்குதுப்பா. எறும்பு ஊர்றாப்பல இருக்குது."

எனக்குத் தெரியாதா? அத்தனை நேரம் காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் மரத்துத்தான் போகும், நாலு உதறு உதறினால் சரியாகும். அந்தச் சத்து தீர வருசக்கணக்காகும் என்று டாக்டர் என் காது கேட்கத்தானே சொன்னார்? சொல்லிவிட வாயைத் திறந்தேன். சௌந்திரம் சோற்றுக் கரண்டியோடு என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவசரக்குடுக்கை என்று பெயரெடுத்தவன் நான், அன்றைக்கு மட்டும் எப்படியோ சும்மா இருந்தேன்.

மாப்பிள்ளையின் முகத்தில் இருந்து அந்த மயக்கம் எல்லாம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது. அப்படி முழித்த முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. கையை ஊன்றி எழப் பார்த்தார், கால் வரவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்ப் பிள்ளையின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தெரியுதா சாமி, தெரியுதா சாமி என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"சௌந்திரம், தயிர் எடுத்துட்டு வா."

சட்டி வந்தது. வெட்டி எடுத்துச் சோற்றில் வைத்து, பிசைந்து, முதல் கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுபோனார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

"நீங்க மொதல்ல."

அவர் கவளத்தைத் தன் பக்கம் திருப்பினார். கோயில் இருந்த திசையை ஒருதடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடி, அதை வாயில் போட்டு விழுங்கினார். கண்ணில் இருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. விழுங்கியதும் அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் வாயைத் திறந்து காட்டினாள். அடுத்த கவளம் அவளுக்கு, அதற்கடுத்தது அவருக்கு என்று சட்டி காலியாகிறவரைக்கும் மாற்றி மாற்றிப் போனது.

அன்று பூராவும் அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. மோட்டார் போடவில்லை. பிள்ளை எங்கே போனாலும் தலை அங்கே திரும்பியது. அவள் தும்மினால் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தாரோ, அவள் கையைத் தட்டிவிட்டு ஓடினாள். நான் கிளம்ப வேண்டியவன், கிளம்ப மனசில்லாமல் அங்கேயே படுத்துவிட்டேன்.

விடிந்ததும் வசந்தாமணி எழுந்தாள், வேப்பங்குச்சியை ஒடித்து வாயில் வைத்துக்கொண்டு, எருமையைத் திட்டிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அவள் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் மாப்பிள்ளை கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து என் பக்கம் வந்தார்.

"மச்சான், வண்டி எப்பங்க சேலம் போவுது?"